முட்டி ஆபரேஷன் பேக்கேஜில் எது உள்ளே, எது வெளியே?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, சுகர் உண்டு. வலது முட்டியை மாற்றச் சொல்கிறார் புதுச்சேரி டாக்டர். அங்கே "எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்" என்கிறார்கள். முன்பு பெரியம்மாவுக்குச் செய்தபோது பஞ்சு, ஊசி, கையுறை என்று நாலு பக்கத்துக்கு பில் வந்தது. மொத்தமாகக் காசு பேசினால் வேலையில் கை வைக்க மாட்டார்களா டாக்டர்?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நியாயமான சந்தேகம்தான். கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். சாமானை நாமே வாங்கிக் கொடுத்தால் நெய் ஆறாக ஓடும், இலைக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் அதே சமையல்காரர் முந்திரியை எண்ணிப் போடுவார். பழைய பில்லில் ஒரு நாள் கூடப் படுக்க வைத்தால் ஆஸ்பத்திரிக்கு லாபம், பேக்கேஜில் ஒரு நாள் முன்னதாக அனுப்பினால் லாபம். அரசுக் காப்பீட்டில் ஆபரேஷனுக்கு இவ்வளவு என்ற கணக்கு 2009 கலைஞர் காப்பீட்டுத் திட்டத்திலிருந்தே நமக்குப் பழக்கம்தான். அப்புறம் 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முட்டி இம்பிளாண்டுக்கு, அதாவது உள்ளே வைக்கிற செயற்கை மூட்டுக்கு, உச்ச விலை வைத்தது. அதிகம் போடுகிற கோபால்ட் குரோமியம் வகைக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய், அதற்கு முன் சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல். பில்லில் கொழுத்த பகுதி அதுதான், அதுவும் போனதால் மிச்சம் பிடிக்க வேறு இடம் தேடுகிறார்கள்.

இம்பிளாண்டைப் பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். பெட்டியிலிருக்கும் ஸ்டிக்கரை கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள், கம்பெனி பெயரும் லாட் நம்பரும் அதில் இருக்கும், ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். நான் கவலைப்படுவது அதற்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றி. ஆயுஷ்மான் பாரத் பேக்கேஜிலேயே டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள்தான் சேர்த்தி. தையல் பிரிப்பதே ஏறக்குறைய அப்போதுதான், முட்டி நன்றாக மடங்கிப் பழக மூன்று மாதம் ஆகும். பிசியோதெரபியை வெளியே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டால், அம்மா வாரம் மூன்று நாள் பஸ் படி ஏறி இறங்க வேண்டும் (ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில்). ஆகவே பிசியோ எத்தனை நாள், சீழ் வைத்தால் மறுபடி திறக்கிற செலவு யாருடையது என்று இரண்டையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, இதை எங்கள் ஆட்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். ஒரே தொகை என்றானதும் சுகர், பருமன், இதயக் கோளாறு உள்ளவர்களைப் பார்த்தால் எங்களுக்குக் கொஞ்சம் தயக்கம் வரும். நானே தயங்கியிருக்கிறேன். "சுகர் குறையட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பது பெரும்பாலும் சரியான யோசனைதான், ஆனால் எவ்வளவு குறைய வேண்டும் என்று எண்ணைச் சொல்லாமல் அனுப்பினால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன், அங்கே 90 நாளுக்கு ஆஸ்பத்திரிதான் பொறுப்பு என்கிறாரே?
- அதே வாசகி

பதில்: 65 வயதைத் தாண்டியவர்களுக்கான மெடிகேர் காப்பீட்டில் 2016 ஏப்ரலில் அப்படி ஒன்று தொடங்கினார்கள். 67 நகரப் பகுதிகளில் இடுப்பு, முட்டி மாற்றுக்கு ஆபரேஷனிலிருந்து டிஸ்சார்ஜுக்குப் பின் 90 நாள் வரை சேர்த்து ஒரு இலக்குத் தொகை. அதற்குள் முடித்தால் மிச்சத்தில் பங்கு, மிஞ்சினால் ஆஸ்பத்திரி திருப்பிக் கட்ட வேண்டும். மிச்சம் பெரும்பாலும் வந்தது, நோயாளியைப் பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பாமல் நேராக வீட்டுக்கு அனுப்பியதில். நம் ஊரில் அந்தப் பராமரிப்பு இல்லமே மருமகள்தான், அதில் யார் எதை மிச்சம் பிடிப்பது! அந்தத் திட்டம் 2024 கடைசியோடு முடிந்தது. 2026 ஜனவரி முதல் வந்திருக்கும் புதியதில் முதுகெலும்பு, பைபாஸ், குடல் ஆபரேஷன்களும் சேர்ந்தன, ஆனால் கணக்கு 30 நாளாகச் சுருங்கிவிட்டது.

கேள்வி: இந்த நிலையில் எம்.எஸ். ஆர்த்தோ (எலும்பு அறுவை மேற்படிப்பு) எடுக்கலாமா சார்?
- மாணவர், புதுச்சேரி

பதில்: எடுங்கள். ஆனால் மாதம் இரண்டு முட்டி செய்கிற சின்ன நர்சிங் ஹோமுக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது, தினமும் செய்கிற இடத்தில் போய்ச் சேர வேண்டியிருக்கும். ஒருமுறை மாற்றியதைக் கழற்றி மறுபடி வைக்கிற ரிவிஷன் வேலையை ஜிப்மர் மாதிரி இடத்தில் கற்றுக்கொள்ளுங்கள். நாலு மணி நேரம் நின்றாலும் பேக்கேஜில் அதற்கேற்ற காசு வராது என்று வெளியே பலர் அதைத் தொடத் தயங்குகிறார்கள்.