நாயனத்தில் நிற்கும் பாட்டு

அன்புள்ள ஐயா,

தை மாதம் எங்கள் வீட்டில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு முடிந்ததும் ஒன்றரை மணி நேரம் நாயனக் கச்சேரி வைத்திருக்கிறோம். பழைய சினிமாப் பாட்டுதான் வாசிக்க வேண்டும் என்கிறார் அப்பா. காலேஜில் படிக்கும் பிள்ளைகளோ, "சின்ன வயசில் கேட்டதால உங்களுக்குப் பிடிக்குது, மத்தபடி பாட்டு ஒண்ணும் உசத்தி இல்லை" என்கிறார்கள். பரணில் இருந்த அப்பாவின் பழைய இசைத்தட்டுகளை, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் வகை, போட்டுக் காட்டினேன். கரகரப்பில் அவர்கள் சொல்வதே சரி என்றாகிவிட்டது. பழைய பாட்டு உண்மையிலேயே காலத்தைத் தாண்டி நிற்கிறதா? எது நிற்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

பிள்ளைகள் சொல்வதில் பாதி சரி. 1934-ல் வந்த 'பவளக்கொடி'யில் ஏறக்குறைய ஐம்பது பாட்டுகள். மாயவரத்தில் பிறந்த தியாகராஜ பாகவதரின் முதல் படம் அது. அந்த ஐம்பதில் எத்தனையை இன்று யார் முணுமுணுக்கிறார்கள்? பத்து வருடம் கழித்து 'ஹரிதாஸ்' படத்துக்காக பாபநாசம் சிவன் எழுதி அதே பாகவதர் பாடிய 'மன்மத லீலையை' மட்டும் இன்றுவரை மேடை ஏறுகிறது. 'அந்தக் காலப் பாட்டே தனி' என்று நாம் பேசுவதெல்லாம் வடிகட்டி மிஞ்சியதை வைத்துத்தான். இந்தக் காலப் பாட்டுக்கு வடிகட்டல் இன்னும் நடக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

கை மாறியும் கெடாத பாட்டுதான் மிஞ்சுகிறது என்பது என் உறுதியான எண்ணம். ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதி, நந்தனார் சரித்திரத்தைக் கதாகாலட்சேபத்துக்காக எழுதினார். அன்றைய ஜனரஞ்சகமான பாட்டு அது. பிறகு நாடகக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1942-ல் திருச்செங்காட்டங்குடி தண்டபாணி தேசிகர் சினிமாவில் நந்தனாராக நடித்துப் பாடினார். அந்தச் சரித்திரத்தில் வரும் 'வருகலாமோ' இன்றைக்கும் கச்சேரியில் மாஞ்சி ராகத்துக்கே அடையாளமாக இருக்கிறது. பாடுகிறவர், மேடை, பக்கவாத்தியம் எல்லாம் மாறியும் பாட்டு அப்படியே நிற்கிறது.

உங்கள் வீட்டுக் கச்சேரியும் இப்படி ஒரு கைமாற்றம்தான். நாயனத்துக்கு வரும்போது பாட்டு தன் சொல்லையும் பாடகரின் குரலையும் வாத்தியக் குழுவையும் விட்டுவிட்டு வெறும் மெட்டாக வருகிறது. இன்று வழக்கிலுள்ள நீளமான நாயனமான பாரி நாயனத்துக்குச் சுருதி இரண்டு அல்லது இரண்டரைக் கட்டை. விரல் வைக்கும் துளை ஏழுதான். மற்ற ஸ்வரங்களைத் துளையைப் பாதி மூடியும், வாயில் வைத்து ஊதும் சீவாளியில் உதட்டின் அழுத்தத்தையும் மூச்சையும் கூட்டிக் குறைத்தும் எடுக்க வேண்டும். அதனால் நீண்டு நின்று அசையும் ஸ்வரங்கள் உள்ள மெட்டு அதில் கம்பீரமாக வரும். இரண்டு காந்தாரமும் (க) இரண்டு மத்தியமமும் (ம) அடுத்தடுத்து ஓடுகிற மேற்கத்திய பாணி மெட்டு, வேகம் கூடினால் வழுக்கிவிடும்.

இன்னொரு வகைப் பாட்டு உண்டு. மெட்டு ஒரே ஸ்வரத்தில் நிற்கும், அடியில் கிட்டார் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, மாறிக்கொண்டே போகும். கேட்பவருக்கு மெட்டே நகர்வதுபோல் இருக்கும். நாயனத்துக்கு அடியில் இருப்பதோ சுருதிக்காக ஊதும் ஒத்து. அது ஸட்ஜத்தை (ஸ) விட்டு அசையாது. கார்டு போனதும், எட்டு அடிக்கு ஒரே ஸ்வரம்தான் அங்கே இருந்தது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். நாக்கால் ஸ்வரத்தை வெட்டி வெட்டித் துத்துக்காரம் போட்டு வாசித்தாலும் இரண்டு நிமிடத்தில் சலிப்பு தட்டும்.

நாயனத்தில் வாசித்துப் பார்க்கும் இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. 1962-ல் வந்த 'சிங்கார வேலனே' காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனத்தை வைத்தே உருவான பாட்டு, அதற்கு இது பரீட்சையே ஆகாது. செங்கப்படுத்தான்காடு தந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டில் பாதி உயிர் சொல்லில் இருக்கிறது. 1958-ன் 'தூங்காதே தம்பி' நிற்பது அந்தச் சொல்லால். அதை வாயால்தான் பாட வேண்டும். கார்டை நம்பிய பாட்டையும் மட்டம் என்று சொல்லமாட்டேன். அதன் அழகு இருக்கும் இடம் வேறு, அவ்வளவுதான்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு வழி: சுருதிப்பெட்டியைப் போட்டு, ஒரு பாட்டின் பல்லவியைச் சொல் இல்லாமல் இரண்டு முறை மட்டும் பாடுங்கள். கேட்பவர் அந்தப் பாட்டை முன்பு அறியாதவராக இருக்க வேண்டும். தெரிந்தவர் ரசிப்பது சாட்சியாகாது. பிள்ளைகளுக்குப் பழையதையும் அப்பாவுக்குப் புதியதையும் பாடுங்கள். கால் மணி நேரம் கழித்து எதைத் திரும்ப முனக முடிகிறது என்று கேளுங்கள்.

அந்தக் கரகரப்புக்குப் பாட்டைக் குறை சொல்ல முடியாது. 78 தட்டின் பள்ளம் அகலம். அதற்கு முனை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுள்ள ஊசி வேண்டும். பின்னால் வந்த எல்பி தட்டுக்கான ஊசியின் முனை ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். அது பள்ளத்தின் அடியில் போய் அங்கே படிந்த அழுக்கைத்தான் வாசிக்கும். 78-க்கான ஊசியை மாற்றி, ஒலிபெருக்கியை மோனோவில் வையுங்கள், இரைச்சலில் கணிசமான பங்கு அடங்கும். வேகத்தையும் பாருங்கள். நிமிடத்துக்கு 78 சுற்றுக்குப் பதில் 83 சுற்றினால் சுருதி அரைக் கட்டை ஏறி, பாகவதர் குரலே கீச்சென்று ஆகிவிடும். பழைய சாவி கிராமபோனில் போட்டீர்கள் என்றால் ஒரு பக்கத்துக்கு ஒரு எஃகு ஊசி. தேய்ந்த ஊசியால் மறுபக்கத்தைப் போட்டால் பள்ளமே அறுந்துபோகும். துடைக்க ஸ்பிரிட் கூடவே கூடாது, தட்டில் உள்ள அரக்கைக் கரைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு போட்டு, நடு லேபிள் நனையாமல் துடைத்து, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள்.

இந்தத் தட்டுகளில் ஒரு பக்கத்துக்குக் கிடைத்தது மூன்று நிமிடம் சொச்சம். பாடகர் சில நொடிகளில் ராகத்தைக் காட்டி உடனே பல்லவிக்கு வந்தாக வேண்டும். அந்த நெருக்கடியால் இறுகிய பாட்டுகளே நாயனத்துக்குச் சுலபமாக வருகின்றன. உங்கள் அப்பாவின் தேர்வுக்கு அதுவும் ஒரு பலம்.

ஒன்றரை மணி நேரத்துக்குப் பன்னிரண்டு பாட்டு தாராளம். பழையதும் புதியதும் கலந்து பட்டியல் போட்டு, மூலப் பதிவுகளோடு ஒரு மாதம் முன்பே நாயனக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். பந்தலில் போனை நீட்டி "இதை வாசிங்க" என்றால் பல்லவி மட்டும்தான் கிடைக்கும். எண்பதுகளின் பாட்டுகளில் ஜனங்களுக்குச் சரணம் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு இடையிசையும் தெரியும். அது வரவில்லை என்றால் பாட்டு பாதியில் நின்றதாகவே நினைப்பார்கள். இடையிசையை இரண்டாவது நாயனம் எடுக்க முடியுமா என்று முன்பணம் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.