உப்புத் தண்ணீரில் பூச்சிமருந்து கரையுமா?

கேள்வி: வயலில் அடிக்கும் மருந்து வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போனால், உப்புத் தண்ணீரில் அதிகமாகக் கரையுமா, குறைவாகவா?
- வாசகர், வேதாரண்யம்

பதில்: பெரும்பாலும் குறைவாகத்தான். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது, அந்த உப்பு தண்ணீர் மூலக்கூறுகளைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்வதால் எண்ணெய்த்தன்மை உள்ள மருந்துக்கு இடம் கிடைப்பதில்லை. நல்ல தண்ணீரில் கரையும் அளவில் ஏறக்குறைய கால்பங்கு குறைந்துவிடலாம். நல்ல தண்ணீரிலேயே குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம்கூடக் கரையாது, டிடிடி அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. மோனோகுரோட்டோபாஸ் வேறு ரகம், அது தண்ணீரோடு எந்த அளவிலும் கலந்துவிடும்.

"கரையாத மருந்தையும் வாளியில் ஊற்றினால் பால் மாதிரி கலக்கிறதே?" என்று கேட்பீர்கள். அது கரைசல் இல்லை, பால்மம். மருந்தோடு சேர்த்திருக்கும் சோப்பு போன்ற பொருள் எண்ணெயைப் பொடிப்பொடித் துளிகளாக மிதக்க வைக்கிறது, அவ்வளவுதான். உப்பேறிய போர் தண்ணீரில் கலக்கினால் கொஞ்ச நேரத்தில் அந்தப் பால் திரிந்து மேலே எண்ணெய் படர்வதைப் பார்க்கலாம். அதை அடித்தால் ஒரு செடிக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்கு வெறும் தண்ணீருமாகப் போகும், பயிர் கருகும். தயவுசெய்து நல்ல தண்ணீரில் கலக்குங்கள்.

சரி, கடலில் கரையாதது எங்கே போகிறது? முகத்துவாரச் சேற்றில் ஒட்டிக்கொள்கிறது, அப்புறம் அங்கே மேயும் இறால், நண்டு, மீனின் கொழுப்பில் ஏறுகிறது. கடல்நீர் கொஞ்சம் காரத்தன்மை உள்ளது என்பதால் குளோர்பைரிபாஸ் அதில் சற்று வேகமாகச் சிதையும். டிடிடி அப்படிச் சிதையாது, சேற்றில் பல ஆண்டுகள் கிடக்கும்.