வீட்டுக்காரருக்குக் கிட்னி மாற்றியாச்சு, எனக்குத்தான் தூக்கமில்லை: பதில்

திருமங்கலத்துத் தங்கச்சிக்கு, கிட்னி மாற்றி வந்த வீட்டுக்காரர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், 'எனக்கு ஏன் இந்தப் பாடு' என்று தோன்றுவது பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாவமெல்லாம் இல்லை, அலுப்பு. அவர் கோபத்தில் அவர் சாப்பிடும் பிரட்னிசோலோன் மாத்திரைக்கும் பங்கிருக்கலாம். அந்த ஸ்டீராய்டு தூக்கத்தையும் கெடுக்கும், மனநிலையையும் புரட்டும். டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக அளவைக் குறைத்துவிடாதீர்கள்.

புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்காமலிருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தான டாக்ரோலிமஸ் வழக்கமாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறைதானே? ராத்திரி வேளையைக் கொழுந்தனார் அலாரம் வைத்துக் கொடுக்கட்டும். (வாய்விட்டுக் கேட்டால்தான் செய்வார்கள்!) விசாரிக்க வரும் சொந்தபந்தத்தில் சளி, இருமல் உள்ளவர்களை வாசலோடு அனுப்புங்கள். கோவித்தால் கோவிக்கட்டும்.

அழுகை அடங்காத நாளில் 14416-ஐக் கூப்பிடுங்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.