விஸ்ட்மன்ஸ் வுட்: ஓரமாக நின்று பார்க்க வேண்டிய காடு

கேள்வி: அக்டோபரில் இங்கிலாந்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். டார்ட்மூர் மேட்டுநிலத்தில் உள்ள விஸ்ட்மன்ஸ் வுட் என்ற பழைய ஓக் காட்டைப் பார்க்க ஆசை. எவ்வளவு நடக்க வேண்டும்? எனக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு. உள்ளே போய்ப் படம் எடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உள்ளே போகாதீர்கள். வெளியே சுற்றி நடந்தே பாருங்கள் என்றுதான் இப்போது வருகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம், ஓயாத காற்று, சத்தில்லாத மண். அதனால் மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு வளர்கின்றன. 1866-ல் வென்ட்வொர்த் புல்லர் என்பவர் அனுமதி வாங்கி ஒரு மரத்தை வெட்டி, வளையங்களை எண்ணிப் பார்த்தார். குறுக்களவு வெறும் 9 அங்குலம்; வயதோ 168! இதைப் பொறித்த கல் இன்னும் அங்கே இருக்கிறது. இந்த வேகத்தில் வளரும் காட்டில் ஒரு மரக்கன்று மிதிபட்டால் இழப்பு எவ்வளவு என்று பாருங்கள். ஆடுமாடு மேயும் மலையில் இந்தக் காடு தப்பியதே, கன்றுகள் கருங்கல் பாறைகளின் இடுக்கில் ஒளிந்து வளர்ந்ததால்தான்.

பாறைமேல் பச்சைக் கம்பளமாய்ப் பாசி, கிளைகளில் பெரணியும் லைக்கனும். லைக்கன் என்றால் புதிதாக ஒன்றுமில்லை, நாம் பிரியாணியில் போடும் கல்பாசியும் அந்த வகைதான். காலடி பட்டு உரிந்தால் மறுபடி படர வெகுகாலம் பிடிக்கும். ஓரத்தில் நின்று எடுத்தாலும் படம் அருமையாக வரும். வெயில் இல்லாத நாளில் பச்சை இன்னும் எடுப்பாகத் தெரியும்.

சரி, நடை. டூ பிரிட்ஜஸ் என்ற இடத்தில் காரை நிறுத்திவிட்டு, போக 2 கிலோமீட்டர், வர 2. வழியில் இருக்கும் பண்ணை வீடு வரை வண்டித் தடம், சிரமம் இல்லை. அதன்பிறகு மேடுபள்ளமும் கல்லும் சேறும். உங்கள் முழங்காலுக்கு ஏற்றத்தைவிட ஈரக்கல்தான் எதிரி. ஊன்றுகோலும் கணுக்கால் மூடிய பூட்ஸும் இல்லாமல் கிளம்பாதீர்கள். போய்வர 2 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பண்ணை வீட்டருகிலேயே வலித்தால் திரும்பிவிடுங்கள், மகன் போய்ப் படம் எடுத்து வரட்டும்.

அக்டோபரில் இலைகள் நிறம் மாறத் தொடங்கியிருக்கும். ஆனால் அந்த மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அப்புறம் மாலை 5 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். காலையிலேயே கிளம்புங்கள். பனிமூட்டம் திடீரென இறங்கும், போன் சிக்னலை நம்ப முடியாது. காட்டருகே கழிப்பறை கிடையாது, வழியில் பிரின்ஸ்டவுனில் முடித்துக்கொள்ளுங்கள்.