கிளிப்பா, கரையும் தையலா?

அன்புள்ள டாக்டர்,

மனைவிக்கு அடுத்த மாதம் சிசேரியன். தோலுக்கு ஸ்டேப்ளர் பின் மாதிரி உலோகக் கிளிப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்கிறார்கள். அக்காவுக்குக் கரையும் தையல்தான் போட்டார்கள், தழும்பே தெரியவில்லை. குடல்வால் வெடித்துப்போன சித்தப்பாவுக்கோ தோலைத் தைக்காமலே விட்டுவிட்டார்கள். ஏன் ஆளுக்கொரு விதம்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

சிசேரியனுக்குக் கரையும் தையலையே கேளுங்கள். 2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 746 பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். காயம் பிரிந்தது தையலில் 1.6 சதவீதம், கிளிப்பில் 7.4 சதவீதம். குறுக்குக் கீறலில் போட்ட கிளிப்பைச் சில நாட்களிலேயே கழற்றிவிடுவார்கள். அப்போது தோல் சொந்த வலுவில் நிற்கப் பழகியிருக்காது. மோனோக்ரில் மாதிரி கரையும் நூல் ஒரு வாரம் கழித்தும் பாதி வலுவோடு உள்ளேயே இருக்கும். கிளிப்பில் மிச்சமாவது சில நிமிடங்கள்தான்.

ஆனால் தையல் கை பார்த்துப் போட வேண்டியது. ஊசி இரண்டு பக்கமும் ஒரே ஆழத்தில், தோலின் உள்ளடுக்கிலேயே போகவேண்டும். ஆழம் மாறினால் ஒரு விளிம்பு மற்றதன் மேல் ஏறி நிற்கும். இறுக்கி இழுத்தால் ரத்த ஓட்டம் குறைந்து விளிம்பு கறுக்கும். கொழுப்பு 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் அதைத் தனியாகத் தைத்துவிட்டுத்தான் தோலுக்கு வரவேண்டும். இல்லாவிட்டால் அடியில் நீர் கோர்த்து வெடித்து வரும்.

குடல், இரைப்பை ஆபரேஷன்களில் கதை வேறு. ஜப்பானில் 24 மருத்துவமனைகளில் ஆயிரம் பேருக்கு மேல் ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்டார்கள். காயக் கோளாறு தையலில் 8.4, கிளிப்பில் 11.5 சதவீதம், புள்ளியியல்படி அது பெரிய வித்தியாசமில்லை. அங்கே கிளிப் போட்டால் சண்டை போடாதீர்கள். ஓரிடத்தில் சீழ் கட்டினால் அங்குள்ள இரண்டு கிளிப்பை மட்டும் எடுத்து வடியவிடலாம். தொடர் தையலில் நடுவே வெட்டினால் வரிசையே தளரும்.

சித்தப்பா விஷயத்தில் செய்தது சரிதான். சீழ் பரவிய வயிற்றின் மேல் தோலை மூடினால் கிருமியை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். அதனால் திறந்தே வைத்து, தினமும் சலைனில் (உப்புநீரில்) நனைத்த காஸ் துணி மாற்றி, நாலைந்து நாளில் காயம் சுத்தமாகச் சிவந்த பிறகு மூடுவார்கள்.

தோலை ஒட்டும் பசையும் உண்டு; அது லேப்ராஸ்கோபித் துளைகளுக்குப் போதும், நீளக் கீறலுக்கு அதை மட்டும் நம்பக்கூடாது.

எதைப் போட்டாலும் வயிற்றைத் தாங்குவது தோல் அல்ல, அடியில் தசையை மூடியிருக்கும் உறையில் போட்ட தையல். ஒரு வாரம் கழித்துத் திடீரென இளஞ்சிவப்பு நீர் கட்டு நனையக் கொட்டினால், அந்த உறை விட்டிருக்கலாம். சுத்தமான ஈரத்துணியால் மூடி, படுக்கவைத்தே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள்.