ரப்பர் வெட்டுவது யார்?

அன்புள்ள ஐயா,

என் கணவர் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் வெட்டும் தொழிலாளி. எட்டாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள், ரப்பர் பற்றிய கட்டுரையில் 'அப்பா விடியும் முன்பே ரப்பர் வெட்டப் போவார். சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து வருவார்' என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அதை அடித்துவிட்டு, 'ரப்பர் மரம் அதிகாலையில் வெட்டப்படுகிறது. பால் சேகரிக்கப்படுகிறது' என்று திருத்தியிருக்கிறார். கட்டுரைக்குச் செயப்பாட்டுவினைதான் முறை என்கிறாராம். அது சரிதானா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் எழுதியது நல்ல தமிழ். திருத்தத்திலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் பொருள் மாறிவிட்டது. நம் குமரி மாவட்டத்தில் ரப்பர் வெட்டுவது என்றால் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. 'ரப்பர் மரம் வெட்டப்படுகிறது' என்று எழுதினால், மரத்தை அடியோடு சாய்ப்பதாகவே வெளியூர்க்காரர் படிப்பார். அதைவிட எனக்கு வருத்தம் தருவது, அந்தக் கட்டுரையில் இப்போது அவளுடைய அப்பா இல்லை என்பது.

செயப்பாட்டுவினைக்கு உரிய இடம் உண்டு. குளச்சல் போரைப் பற்றி எழுதும்போது '1741இல் மார்த்தாண்ட வர்மா டச்சுப் படையைத் தோற்கடித்தார்' என்பதே இயல்பு. அடுத்த பத்தி டச்சுப் படை அதிகாரி டி லனாயைப் பற்றியது என்றால், 'அவர் சிறைபிடிக்கப்பட்டார். பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி அளித்தார். உதயகிரிக் கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டார்' என்று எழுதலாம். பேச்சு அவரைப் பற்றியது; அவரைப் பிடித்த வீரர் யார், அடக்கம் செய்தவர் யார் என்பது அங்கே தேவையில்லை. அறிவியல் செய்முறைக் குறிப்பேட்டில் 'கரைசல் சூடாக்கப்பட்டது' என்று எழுதுவதும் இதனால்தான்.

பள்ளிக் கட்டுரைகளில் 'பட்டது' இவ்வளவு பெருகியதற்கு ஆங்கிலப் பாடத்தின் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்பதைச் சொல் நிற்கும் இடமே காட்டுவதால், செயப்படுபொருளை முன்னே கொண்டுவரப் பெரும்பாலும் வினையையே மாற்ற வேண்டியிருக்கிறது. தமிழில் அந்த வேலையை 'ஐ' உருபு செய்துவிடுகிறது. 'அப்பா பாலை வடிகட்டுகிறார்', 'பாலை வடிகட்டுகிறவர் அப்பா', 'பாலை அப்பா வடிகட்டுகிறார்' என எப்படி எழுதினாலும் வடிகட்டுவது யார் என்பதில் ஐயம் வருவதில்லை. அழுத்தம் மட்டும் இடம் மாறுகிறது.

தேர்வில் 'செயப்பாட்டுவினையாக மாற்றுக' என்று கேட்டால், 'ஐ' நீங்கி, செய்பவர் பெயர் 'ஆல்' ஏற்று, வினையோடு 'படு' சேரும் முறையை அவள் அறிந்திருக்கத்தான் வேண்டும்.

கட்டுரையை அவள் மறுபடி எழுதட்டும். முதற்பகுதியில் அப்பா இருக்கட்டும்: அவர் எத்தனை மணிக்கு எழுகிறார், தலையில் கட்டிய விளக்கின் ஒளியில் பட்டையை எவ்வளவு ஆழம் சீவுகிறார், அதற்குமேல் கத்தி இறங்கினால் மரம் என்ன ஆகும் என்பதெல்லாம் அவளால் எழுத முடியும், அவரிடமே கேட்டும் எழுதலாம். ரப்பர் ஷீட் தயாராகும் பகுதிக்கு வரும்போது, 'பாலில் அமிலம் சேர்க்கப்படுகிறது. உறைந்த பால் உருளைகளுக்கு இடையே அழுத்தப்படுகிறது. ஷீட் புகையில் உலர்த்தப்படுகிறது' என்று எழுதட்டும். அங்கே எந்தக் கை செய்தாலும் முறை ஒன்றே.

இரண்டு வடிவங்களையும் ஆசிரியரிடம் பணிவோடு காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்