அருவிக்குப் பூட்டு, கைக்கு ஊசி: வாசகர் கேள்வி – பதில்

2022 ஜனவரியில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஓமிக்ரான் வகைக் கொரோனா பற்றித்தான். பூங்காவை மூடியது சரியா, ஊசி போட்டவர்களையாவது விடக்கூடாதா, பிள்ளைகளுக்கு எப்போது என்று கேட்டிருக்கிறார்கள். தடுப்பூசிப் பணியிலும் நீர்ச் சுத்திகரிப்பிலும் இருப்பவர்கள், அந்த மாதத்து விதிகளை வைத்துப் பதில் தருகிறார்கள்.

ஜனவரி 6-லிருந்து கேளிக்கைப் பூங்காக்களுக்கு அனுமதி இல்லை. ஜவுளிக்கடையும் ஓட்டலும் பாதிக் கூட்டத்தோடு நடக்கின்றன. டவுன் பஸ்ஸில் நெரிசல் குறையவில்லை. குளோரின் போட்ட தண்ணீரில் கொரோனா நிற்காது என்கிறார்கள். பிறகு தண்ணீர்ப் பூங்காவை மட்டும் ஏன் மூடினார்கள்?
– பாளையங்கோட்டை வாசகர்

தண்ணீர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அண்ணாச்சி. இந்தக் கிருமிக்கு மேலே கொழுப்பு உறை ஒன்று இருக்கிறது. குளோரின் அதைச் சுலபமாக உடைத்துவிடும். பி.எச். (தண்ணீரின் அமில–கார அளவு) 8-க்குக் கீழே இருந்து, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மீதக் குளோரின் அரை மணி நேரம் நின்றால் போதும். ஒழுங்காகப் பராமரிக்கிற குளத்தில் 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்) வரை எப்போதும் இருக்கும்.

தண்ணீரை விட்டு வெளியே வந்தால்தான் சிக்கல். சறுக்குக்கு ஏறுகிற படிக்கட்டைப் பாருங்கள். முன்னால் நிற்பவர் முதுகுக்கும் பின்னால் நிற்பவர் மூக்குக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. வரிசை கால் மணி நேரம் அப்படியே ஊரும். நனைந்த முகக்கவசத்தில் மூச்சு விட முடியாது, வடிகட்டவும் செய்யாது. அதனால் எல்லோரும் கழற்றித்தான் வைப்பார்கள். உடை மாற்றும் அறைக்கு பெரும்பாலும் ஒரு சின்ன ஜன்னல்தான். உள்ளே ஈரமும் நெரிசலும். அலைக்குளத்தில் பாட்டு போட்டால் கத்தாத ஆள் கிடையாது. பேசும்போது வருவதைவிடக் கத்தும்போது பல மடங்கு நுண்துளி வெளியே வரும். இதற்கெல்லாம் மேலே வேன் பயணம். கோவில்பட்டியிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ நாலைந்து குடும்பம் ஒரே வேனில், கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டு வந்து, சாயங்காலம் அதே வேனில் திரும்புகிறது. ஓமிக்ரானில் தொற்றிய மூன்று நாள் வாக்கில் அறிகுறி தெரிகிறது. அதற்கு முந்தின நாளே அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும்.

பஸ்ஸில் போகிறவர் கவசத்தோடு போகலாம், வேலைக்குப் போகாமலும் இருக்க முடியாது. பூங்காவுக்கு அடுத்த மாதம் போகலாம். வித்தியாசம் அவ்வளவுதான். ஜவுளிக்கடை பற்றிய உங்கள் கோபத்தை மட்டும் மறுக்க மாட்டோம். காற்றோட்டமே இல்லாத மாடியில் இருக்கிற பட்டுப் பிரிவு, திறந்தவெளியில் சுற்றுகிற ராட்டினத்தைவிட மோசமான இடம். வியாபாரமா பொழுதுபோக்கா என்று பார்க்காமல், காற்று எவ்வளவு வந்துபோகிறது என்று பார்த்து விதி போட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

மூடுவதால் தொற்று ஒழியாது. பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் ஒரே வாரத்தில் வந்து குவிய வேண்டியவர்கள் நாலு வாரத்தில் பிரிந்து வருவார்கள். ஊசி போட்ட உடம்பு தயாராக இரண்டு வாரம் வேண்டும் என்பதால், பூட்டு வாங்கித் தருகிற நாட்கள் பெரிய காரியம். அந்த நாட்களில் ஊசி போடாமல் சும்மா இருந்தால்தான் பூட்டியது வீண்.

அமெரிக்காவில் ஃபுளோரிடா டிஸ்னி பூங்காவை 2020 ஜூலையிலேயே திறந்தார்கள். கலிஃபோர்னியாவில் ஓராண்டுக்கு மேல் பூட்டியே வைத்தார்கள். எந்த வழி சரி?
– தென்காசி கல்லூரி மாணவி

கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட் 2020 மார்ச் 14-இல் மூடி 2021 ஏப்ரல் 30-இல்தான் திறந்தது. அதுவும் முதலில் 25 சதவீதக் கூட்டம், அந்த மாநிலத்தவர் மட்டும். ஃபுளோரிடாவில் 2020 ஜூலை 11-இல் திறந்தபோது அங்கே தொற்று ஏறுமுகம். கவசம், முன்பதிவு, குறைந்த கூட்டம் என்று நடத்தினார்கள். இரண்டு மாநிலத்துக்கும் மக்கள் வேறு, வயது வேறு, விதி வேறு. பூங்காவை மட்டும் பிரித்தெடுத்து இதனால் இத்தனை உயிர் என்று கணக்குச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவர்களை, எந்தப் பக்கம் பேசினாலும், நம்பாதீர்கள்.

நமக்குப் பயன்படுகிற சங்கதி வேறொன்று. மூடிக் கிடந்த அந்த டிஸ்னிலேண்டின் கார் நிறுத்துமிடம் 2021 ஜனவரி 13 முதல் பெரிய தடுப்பூசி மையமாக நடந்தது. வண்டி நிறுத்த இடம், கழிப்பறை, வரிசை கட்டத் தடுப்பு, கூட்டத்தைச் சமாளித்துப் பழகிய ஆட்கள் எல்லாம் ஒரு பூங்காவில் ஏற்கெனவே இருக்கின்றன. நம் பக்கத்துப் பூங்காக்களும் கல்யாண மண்டபங்களும் சனிக்கிழமை தடுப்பூசி முகாமுக்கு இடம் கொடுக்கலாம்.

எதிர்ப்பக்க உதாரணமும் ஒன்று. 2021 அக்டோபர் 31 அன்று ஷாங்காய் டிஸ்னியில், முந்தின நாள் வந்துபோன ஒரே ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும் வாசலை அடைத்து, உள்ளே இருந்த சுமார் 34,000 பேருக்கும் ராத்திரியோடு ராத்திரியாகப் பரிசோதனை செய்துதான் வெளியே விட்டார்கள். அவ்வளவு பேரையும் மூக்கில் குச்சி விட வரிசையில் நெருக்கி நிறுத்துவதிலேயே ஆபத்து உண்டு. நமக்கு அது தோதுப்படாது.

குற்றாலத்தில் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருஷச் சாரலும் போச்சு. டிசம்பரில் அருவியைத் திறந்தார்கள், ஐயப்ப சாமிகள் வந்தார்கள், மறுபடி கட்டுப்பாடு. இரண்டு டோஸ் போட்டவர்களை மட்டும் விட்டால் என்ன?
– குற்றாலம் வாசகர்

உங்கள் நஷ்டம் சின்னதல்ல. நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவர், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், லாட்ஜில் பாய் விரிக்கிறவர் என்று பாதிப் பேருக்கு அன்றாடக் கூலி. அடைக்கச் சொல்கிறவர்கள் நிவாரணத்தைப் பற்றியும் அதே மூச்சில் பேச வேண்டும்.

ஆனால் நீங்கள் கேட்கிற வழியில் மூன்று ஓட்டை. ஒன்று, இரண்டு டோஸ் போட்டவருக்கும் ஓமிக்ரான் தொற்றுகிறது, அவரிடமிருந்து பரவவும் செய்கிறது. ஊசி உறுதியாகக் காப்பது மூச்சுத் திணறலிலிருந்தும் சாவிலிருந்தும். மெயினருவிக்கடியில் தோளோடு தோள் நிற்கும்போது சான்றிதழ் காற்றை வடிகட்டாது. இரண்டு, குடும்பத்தோடு வருகிறவர்களில் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இப்போதைக்கு (2022 ஜனவரி) ஊசியே கிடையாது. மூன்று, சரிபார்ப்பு. செல்போனில் காட்டுகிற படத்தைக் கண்ணால் பார்த்து விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சான்றிதழிலும் ஆள் உள்ளே போய்விடுவார். கோவின் என்ற தடுப்பூசிப் பதிவுத் தளத்தில் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து, வருகிற பெயரை அடையாள அட்டையோடு ஒப்பிட்டு, இரண்டாவது டோஸ் தேதியிலிருந்து 14 நாள் ஆகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஆளுக்கு அரை நிமிடம் என்றாலும் 500 பேருக்கு நாலு மணி நேரத்துக்கு மேல். வாசலிலேயே கூட்டம் கட்டிவிடும்.

உடனே செய்யக்கூடியது: கடைக்காரர், மசாஜ் செய்பவர், ஆட்டோ, வேன் ஓட்டுநர், லாட்ஜ் ஊழியர் என்று ஊரில் வேலை செய்கிற எல்லோருக்கும் இரண்டு டோஸ் முடித்துவிடுங்கள். சங்கத்தில் பெயர்ப் பட்டியல் எடுத்து வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுத்தால் முகாமை அங்கேயே கொண்டுவரலாம். சனிக்கிழமை சாயங்காலம் போட்டுக்கொண்டால், காய்ச்சலும் உடம்புவலியும் வருகிற மறுநாள் முழு ஊரடங்கு ஞாயிறு, கூலி போகாது.

மகள் பத்தாம் வகுப்பு. ஊசி போட்டதும் மூன்று பாராசிட்டமால் போடச் சொன்னதாகப் பக்கத்து வீட்டு மதினி சொல்கிறார்கள். சரியா?
– அம்பாசமுத்திரம் வாசகி

வேண்டாம். 2022 ஜனவரி 3 முதல் 15–18 வயதினருக்குக் கோவாக்சின் மட்டும்தான். அதைத் தயாரிக்கும் நிறுவனமே, ஊசிக்குப் பிறகு பாராசிட்டமாலோ வலி மாத்திரையோ தேவையில்லை என்று அறிவித்துவிட்டது. காய்ச்சல் நிஜமாகவே வந்தால் மருத்துவரைக் கேட்டு ஒரு மாத்திரை போதும்.

2007-லோ அதற்கு முன்போ பிறந்திருக்க வேண்டும். அளவு 0.5 மில்லி, 28 நாள் கழித்து இரண்டாவது. பள்ளி விடுமுறை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். பள்ளி அடையாள அட்டை செல்லும். குப்பியில் கோவாக்சின் என்று எழுதியிருப்பதை நீங்களும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு போகக் கூடாது. இந்த வயதுப் பிள்ளைகள் மயங்கி விழுவது பெரும்பாலும் மருந்தால் அல்ல, பயத்தால். படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைக்கச் சொல்வது வேறு காரணத்துக்கு. அரிதாக வரும் கடும் ஒவ்வாமையில் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சிரைப்பு, நாடி தளர்வு தெரியும். அட்ரினலின் ஊசி அங்கேதான் இருக்கிறது. போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள்.

ஆச்சிக்கு வயது 68, சுகர் உண்டு. கோவிஷீல்டு இரண்டாவது டோஸ் 2021 ஏப்ரல் 20. மூன்றாவது எப்போது?
– சேரன்மகாதேவி வாசகர்

2022 ஜனவரி விதிப்படி 39 வாரம், அதாவது 273 நாள் கழிய வேண்டும். கணக்குப்படி ஜனவரி 18-லிருந்தே போடலாம். முன்பு போட்ட அதே கோவிஷீல்டுதான். சுகருக்கு டாக்டர் சர்டிபிகேட் கேட்டால், தேவையில்லை என்று மத்திய அரசு சொல்லியிருப்பதை எடுத்துச் சொல்லுங்கள். இடையில் கொரோனா வந்து போயிருந்தால் குணமாகி மூன்று மாதம் கழித்துப் போடுங்கள். அன்று சுகர் மாத்திரையை நிறுத்த வேண்டாம். கறி, மீன் சாப்பிடத் தடை ஏதும் கிடையாது.

எங்கள் ஊராட்சி முகாமில் ஏழு பேர்தான் வந்தார்கள். பத்து டோஸ் குப்பியைத் திறக்கலாமா என்று தயங்கி வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரியா?
– நாங்குநேரி பக்கத்துத் தன்னார்வலர்

திருப்பி அனுப்பியது தப்பு. ஒரு முறை வந்தவர் மறுபடி வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கோவிஷீல்டு குப்பி திறந்தால் நாலு மணி நேரம்தான். அதனால் திறந்த நேரத்தைக் குப்பியிலேயே எழுதிவிட்டு, மீதி மூன்று பேருக்கு வீடு வீடாகப் போங்கள். நூறு நாள் வேலைத் தளம், ரேஷன் கடை வாசல், டீக்கடை மூன்றிலும் போய்க் கேட்டால் ஆள் கிடைக்கும். இரண்டு குப்பியின் மிச்சத்தைச் சேர்த்து ஒரு டோஸ் ஆக்கக் கூடாது.

வேக்சின் கேரியரில் (ஊசி மருந்து கொண்டுபோகிற குளிர்பெட்டி) அதிகம் நடக்கிற தவறு, ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே அடுக்குவது. குப்பி அதில் ஒட்டி உறைந்துவிட்டால் அந்த மருந்து வீண். கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டுக்கும் 2 முதல் 8 டிகிரிதான். ஐஸ் பேக்கை வெளியே வைத்து, மேலே வேர்க்க ஆரம்பித்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிற வரை காத்திருங்கள். பிறகு நாலையும் நாலு பக்கம் நிறுத்தி நடுவில் குப்பிகள்.

கூட்டத்துக்குப் பயந்து ஒன்பது மாதக் குழந்தையின் ஊசியைத் தள்ளிப் போடலாமா?
– வள்ளியூர் வாசகி

கூடவே கூடாது. அது தட்டம்மைக்கான ஊசி. தட்டம்மை கொரோனாவைவிட வேகமாகப் பரவும். தடுப்பு இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் போகும். மேலே சொன்ன கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 2014 டிசம்பரில் தொடங்கிய தட்டம்மை பல மாநிலங்களுக்குப் பரவியது. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாதவர்கள் அல்லது போட்டதற்குப் பதிவு இல்லாதவர்கள். அதற்குப் பிறகுதான் அந்த மாநிலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘எங்கள் நம்பிக்கை’ என்று சொல்லி ஊசியைத் தவிர்க்கிற சலுகையை எடுத்தது. 9–12 மாதத்தில் ஒன்று, 16–24 மாதத்தில் ஒன்று. கூட்டம் குறைவான நேரத்தை நர்சம்மாவிடம் போனில் கேட்டுவிட்டுப் போங்கள்.

பூங்காவில் நீர்ப் பராமரிப்பு வேலை. மூடிய பிறகு மோட்டாரை நிறுத்தச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

மோட்டாரை முழுக்க நிறுத்தினால் பத்து நாளில் ஏடிஸ் கொசு பறக்கும். கொரோனாவுக்குப் பூட்டிய இடத்திலிருந்து டெங்கு கிளம்பும். குளத்தை அடியோடு வடிக்கவும் வேண்டாம். நிலத்தடி நீர் மேலே நிற்கிற இந்த மாதத்தில் தரை பெயரலாம். தினம் இரண்டு மூன்று மணி நேரம் ஃபில்டர் ஓடட்டும். 33 சதவீத பிளீச்சிங் பவுடரில், ஒரு லட்சம் லிட்டருக்கு 600 கிராம் போட்டால் 2 பிபிஎம் வரும். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். மண்டியைச் சேர்த்து ஊற்றினால் ஃபில்டர் அடைக்கும். பகலில் போட்டால் வெயில் குளோரினைத் தின்றுவிடும், இருட்டின பிறகு போடுங்கள். ஈரம் பட்டு வாய் திறந்து கிடந்த மூட்டையில் வீரியம் இருக்காது. சோதனைக் கருவியில் பார்த்துக் கூட்டுங்கள். ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். ரப்பர் டியூப், படகு, பொம்மைக் கிண்ணம் எல்லாம் கவிழ்த்து வையுங்கள். குளோரின் போடாத அலங்காரத் தொட்டிக்குக் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன்.

திறக்கச் சொன்னால், முந்தின நாள் லட்சம் லிட்டருக்கு 3 கிலோ போட்டு 10 பிபிஎம் ஏற்றி, 3-க்குக் கீழே இறங்கிய பிறகே ஆளை விடுங்கள். நின்றுபோன ஷவர் குழாய்களை ஐந்து நிமிடம் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். தேங்கிய குழாயில் வளரும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா, தெறிக்கிற சாரலோடுதான் நுரையீரலுக்குள் போகும்.